இஸ்திரி போடக் கூடாத மஞ்சள் கவசம்

என் அக்கா செய்த முதல் எக்ஸ்ரே கவசத்துக்கு நான் இஸ்திரி போட்டேன். நினைவு மலரில் மறைந்தவரின் பெருமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். மீதிப் பேருக்கு இன்னும் மோசமாகத் தெரியும். ஆகவே நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் சட்டைக்குக்கூட நான் இஸ்திரி போட்டவன் அல்ல. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன். வைத்தது, அக்கா நான்கு மாதம் பாடுபட்டுச் செய்த ரப்பர்மேல்.

அக்கா பிறந்தது அன்னூருக்குப் பக்கத்தில். அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அக்காதான். தினமும் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வேதியியல் படித்தார். பின்னாளில் நானும் அதே பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போய் இயற்பியல் படித்தேன். நின்று படித்ததற்கும் உட்கார்ந்து படித்ததற்கும் உள்ள வித்தியாசம் கடைசிவரை எங்களிடம் தெரிந்தது.

மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு குன்னூர் வந்தார். மார்க்கெட்டுக்குக் கீழே சரிவில் மாமாவுக்கு ஒரு ரப்பர் பட்டறை இருந்தது. தேயிலை ஃபாக்டரிகளுக்கு பெல்ட், வாஷர், கேஸ்கெட் எல்லாம் அங்கே செய்வார்கள். அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மாமா திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்த அன்று பெரியவர்கள் கூடி, பட்டறையை விற்றுவிட்டு ஊருக்கே வந்துவிடச் சொன்னார்கள். அக்கா எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் நல்லாத்தானுங்க ஓடுது. அவருதான் நின்னுட்டாரு." அடுத்த திங்கட்கிழமை பட்டறை திறந்தது. கூட நின்ற பெண் மாரி. மாமா காலத்திலிருந்து ரோலரில் ரப்பர் ஓட்டியவர், இன்றும் ஓட்டுகிறவர்.

கவசக் கதை மாரியின் கணுக்காலில் தொடங்குகிறது. நெல்லியாளம் பக்கம் ஒரு ஃபாக்டரிக்கு அக்காவோடு பெல்ட் மாட்டப் போன இடத்தில் மாரி படியில் சறுக்கிவிட்டார். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார்கள். எக்ஸ்ரே எடுக்கிற மலையாளப் பெண்ணின் பெயர் ஷைலஜா. கல்யாணமாகி ஆறு மாதம். அவருடைய ஈயக் கவசம் நாலாக மடித்து நாற்காலியில் கிடந்தது. மடிப்புகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மாரிக்கு முன்னால் வந்த ஒரு குழந்தை அசையாமல் இருக்க மாட்டேன் என்று வீறிட, ஷைலஜா அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு தானே உள்ளே நின்று பிடித்துக்கொண்டார்.

மாரி முறை வந்ததும் அக்கா, மாரியின் காலை விட்டுவிட்டுக் கவசத்தைப் பிடித்தார். மடிப்பில் விரலை வைத்து நெருடினார்.

"இது உள்ளார வெடிச்சிருக்குதே கண்ணு. இதை மடிக்கலாமா?"

"மடக்காம எங்க வைக்கறது சேச்சி? இங்க ஒரு ஆணிகூட இல்ல."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷமாச்சு. வரும், வரும்னு சொல்றாங்க."

திரும்பி வரும் வழியில், உதகை தாண்டிய பிறகு அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்: "அந்தப் பொண்ணு நாளைக்குப் புள்ளை பெக்கோணும் மாரி."

அடுத்த வாரமே அக்கா படிக்க ஆரம்பித்தார். ஈயம் கதிரைத் தடுப்பது அதன் அணு கனமாக இருப்பதால். தனிம அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த வீடு பிஸ்மத். கனத்தில் குறைவில்லை, ஆனால் ஈயம் மாதிரி நஞ்சு இல்லை, வயிற்று மாத்திரையில்கூடச் சேர்க்கிறார்கள். அதன் ஆக்சைடு வெளிர்மஞ்சள் பொடி. பட்டறையில் இத்தனை வருடமாக ரப்பரில் ஜிங்க் ஆக்சைடு கலந்து பழகிய கைக்கு இன்னொரு ஆக்சைடைக் கலப்பது அந்நிய வேலை அல்ல. பிஸ்மத் கொஞ்சம் கோட்டை விடுகிற கதிர்களை டங்ஸ்டன் ஆக்சைடு பிடிக்கும் என்று அதையும் சேர்த்தார். அதுவும் மஞ்சள்தான். பட்டறை, கல்யாண வீட்டில் மஞ்சள் இடித்த இடம் மாதிரி ஆயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் இயற்பியல் பட்டதாரி என்ற முறையில் என்னிடம் கருத்துக் கேட்டார். நான் காப்பீட்டு அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கி, உதகை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வருடம் அது. "ஆக்சைடுன்னா துருக்கா. துருவை வெச்சுக் கதிரைத் தடுக்க முடியாது" என்று உறுதியாகச் சொன்னேன். "தடுக்கறது கனம்டா. பளபளப்பு இல்லை" என்றார் அக்கா. அதோடு என் அறிவியல் பங்களிப்பு முடிந்திருக்க வேண்டும்.

முதல் கவசம் சாதாரண ரப்பரில் தயாரானது. மேலே காடாத் துணியில் உறை. கவசம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதையே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கதிர் தடைபட்ட இடம் வெள்ளையாகவும், புகுந்த இடம் கறுப்பாகவும் தெரியும். அதற்காக ஷைலஜாவிடம் கொண்டுபோகும் வேலையை என்னிடம் கொடுத்தார். "சுருட்டின மேனிக்கே எடுத்துட்டுப் போ. மடிச்சுப் போடாதே" என்று மூன்று தடவை சொன்னார்.

உதகையில் வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தேன். உறையெல்லாம் கசங்கல். அக்காவின் படைப்பு ஒரு டாக்டர் கண்ணில் இப்படியா படவேண்டும் என்று ஒரு குடும்ப கௌரவம் தலைதூக்கியது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்தேன். முதலில் வாசனை வந்தது. பிறகு பெட்டி வர மறுத்தது. பிய்த்து எடுத்துவிட்டு, பதற்றத்தில் நாலாக மடித்துப் பையில் திணித்து, மறுநாள் ஷைலஜாவிடம் போகக் கூடலூர் பஸ் ஏறுவதற்குப் பதிலாக அக்காவிடமே போகக் குன்னூர் பஸ் ஏறினேன்.

"மழையில நனைஞ்சிருச்சுக்கா."

அக்கா விரித்தார். நடுவில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அச்சாகப் பதிந்திருந்தது. மடித்த இடமெல்லாம் கீறல்.

"மழை முக்கோணமாவாடா பேஞ்சுது?"

மாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரோலர் பக்கம் போய்விட்டார். அக்கா திட்டவில்லை. அது என்னை இன்னும் கலவரப்படுத்தியது. மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "நீ பண்ணுனதும் ஒரு வகையில நல்லதுதான். உன்னையாட்டம் ஒரு ஆளு எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருப்பான். மடிப்பான், மேல உட்காருவான், மழைக்காலத்துல ஹீட்டர் மேல காயப் போடுவான். உன் கையில பொழைச்சுதுன்னா எங்கயும் பொழைச்சுக்கும்."

சாதாரண ரப்பரை விட்டுவிட்டுச் சூட்டுக்கு அசராத சிலிகான் ரப்பருக்கு அக்கா மாறியது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மஞ்சள் ரப்பர்த் துண்டு என் பொறுப்பில் தரப்பட்டது. "உன் இஷ்டத்துக்கு வெச்சுக்க. அடுத்த ஞாயித்துக்கெழமை கொண்டா" என்பார். நான் அதை மடித்தேன். மேலே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைத்தேன். பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டைக்குக் கீழே போட்டேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாசித்துக் காட்டுவேன். வாரத்துக்கு வாரம் துண்டின் எடை குறைந்துகொண்டே வந்தது. ஏழாவது வாரம், "எடையில் பாதி இல்லை, அபாரமான முன்னேற்றம்" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்தபோது அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

இறுதிக் கவசம் தயாரானதும் அதன் துண்டை சமவெளியில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். ஷைலஜா போனில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "சீட்டு வரட்டும் கண்ணு. வர்ற வரைக்கும் உள்ள நிக்காதே. குழந்தையை அப்பன்காரன் பிடிக்கட்டும், பழசை அவனுக்குப் போட்டு உடு." தான் செய்த பொருள்மீது அக்காவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் தன் நம்பிக்கையை இன்னொருத்தி வயிற்றில் வைத்துச் சோதிக்க மாட்டார்.

சீட்டு வந்தது. இத்தனை தடிமன் ஈயத்துக்குச் சமம் என்று அதில் எழுதியிருந்தது. கவசத்தை ஒரு பிளாஸ்டிக் குழாய்மேல் சுற்றி அக்கா ஒரு முனையும் மாரி ஒரு முனையும் பிடித்துக்கொண்டு நெல்லியாளம் போனார்கள். எனக்குக் குடை பிடிக்கும் வேலை.

அக்கா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், கைப்பையிலிருந்து சுத்தியலையும் கொக்கியையும் எடுத்தது. சுவரில் கொக்கி அடித்த பிறகுதான் கவசத்தைப் பிரித்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். பழையதில் கறுப்புக் கோடுகள், தேயிலைத் தோட்டத்துக்குள் போகிற ஒற்றையடிப் பாதைகள் மாதிரி மேலும் கீழும் ஓடின. புதியது வெறும் வெள்ளை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பழசைப் போட்டுக்கிட்டா இத்தனை நாளா நின்னே?" என்றார். ஷைலஜா புதியதை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அக்காவிடம்தான் பேசினார். "இது பழசைவிடக் கனம் குறைவு சேச்சி. இடுப்பு வலிக்காது."

ஷைலஜா சட்டையில் ஒரு சின்ன அட்டை குத்தியிருப்பார்; உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். சில நாடுகளில் அந்த அட்டைக்குள் அலுமினிய ஆக்சைடு வைக்கிறார்களாம். பட்ட கதிரை மறக்காமல் வைத்திருந்து, கேட்கும்போது ஒளியாகத் திருப்பிச் சொல்லுமாம். அக்கா இதைப் படித்துவிட்டுப் பெரிய சந்தோஷத்தில் இருந்தார். "காவல்காரனும் ஆக்சைடு, கோள் சொல்றவனும் ஆக்சைடு பாருடா. நீ துருன்னியே" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அடுத்த வருடத்திலிருந்து ஷைலஜாவின் அட்டையில் கவலைப்பட ஒன்றும் வரவில்லை. அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அதன் பிறகு மலையில் இன்னும் சில ஆஸ்பத்திரிகளுக்கு அக்காவின் பட்டறையிலிருந்து மஞ்சள் கவசம் போயிற்று. ஒவ்வொன்றோடும் ஒரு கொக்கியும் போயிற்று.

போன வருடம் அக்காவின் இதயம் தளர்ந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஈயக் கவசம் போட்ட ஒரு பெண் படுக்கைக்கே எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவு சாத்தும்போது அக்காவின் குரல் கேட்டது: "கண்ணு, அதைக் கொஞ்சம் இப்படிக் காட்டு. ம். இதை எங்க மாட்டறீங்க?" அந்தப் பெண் என்னவோ பதில் சொன்னார். "அதுதான் சரி" என்றார் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதைப் பேசிவிட்டவர் போலத்தான் இருந்தார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், செய்தி தெரிந்ததும் நாங்கள் கேட்காமலே வண்டி அனுப்பிய ஃபாக்டரிக்காரர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாத குன்னூர் அண்டை வீட்டாருக்கும், காரியத்துக்கு மூட்டை மூட்டையாகக் காய்கறி கொண்டுவந்து இறக்கிய இத்தலார் கிராமத்து நண்பர்களுக்கும், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து நின்ற ஷைலஜாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டறையை இப்போது அக்கா மகளும் மாரியும் நடத்துகிறார்கள். மெஷின் நன்றாக ஓடுகிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பட்டறையில் வைத்து மாரிக்கு வாசித்துக் காட்டினேன். தகவல் பிழை இருக்கக் கூடாதல்லவா. என் இஸ்திரியால்தான் சிலிகான் வந்தது என்ற இடத்தில் மாரி ரோலரை நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, சிலிகான் மூட்டை நீங்க இஸ்திரி போடறதுக்கு முந்தின வாரமே வந்திறங்கிருச்சுங்களே. மொதல் ரப்பரு மடிச்சா வெடிக்கும்னு அக்காவுக்கு அப்பவே தெரியும். படத்துல பார்த்து உறுதி பண்ணத்தான் அனுப்பிச்சாங்க."

நான் நோட்டைக் காட்டினேன். அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனைகள் எல்லாம் என்ன என்று கேட்டேன்.

"அதுங்களா. வேலையை உட்டுப்போட்டு ஊட்டுல தனியா உக்காந்திருக்கான், வாரம் ஒருக்காவாச்சும் வந்து சாப்புட்டுப் போகட்டும்னு அக்காதான் சொன்னாங்க. பழைய கம்பூட்ஸ் ரப்பரை ஓட்டி, மஞ்சக் கலர் போட்டு வெட்டி வெச்சிருப்பேன். வாரத்துக்கு வாரம் மெலிசா ஓட்டினேன். நீங்க கண்டுபுடிச்சுப் போடுவீங்கன்னு அக்காவுக்குப் பயம். நான் பயப்படாதீங்கன்னேன்."

நான் நோட்டை மூடியதைப் பார்த்து ஆறுதல் சொல்ல நினைத்தாரோ என்னவோ, ரோலரை மறுபடி ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்:

"பின்னே, நல்ல ஷீட்டைக் கொண்டுபோய் உங்க கையில யாருங்க குடுப்பாங்க?"