பெரியப்பா கிணற்றில் விழுந்த கல்

தண்ணீர் லாரி எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அகரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் அறிவியல் மிஸ் பருவநிலை மாற்றத்தைக் கரும்பலகையில் நடத்தவில்லை. சனிக்கிழமையானால் எங்களைக் கிணறு கிணறாகக் கூட்டிப்போவார். ஒரு கல்லைப் போட வேண்டும், காதைக் கொடுக்க வேண்டும். ‘தொபுக்’ என்றால் தண்ணீர். ‘டக்’ என்றால் பாறை.

“மழை முன்ன மாதிரி நின்னு பெய்யல. ஒரே கொட்டா கொட்டிட்டு ஓடிருது. அப்புறம் கெணறு எங்கிட்டு ஊறும்? கேளுங்க, எதையும் கேளுங்க” என்பார். கேள்வி கேட்டால் குட்டு வாங்கியே பழகிய எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியப்பா கிணறு ‘டக்’. அது இருந்த தோட்டத்தை விற்றுத்தான் அவர் மகளை, என் அக்காவை, நர்ஸிங் சேர்ப்பதாக இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அங்கே போனால், கிணற்றடியில் பெரியப்பாவோடு ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். தோட்டத்தை விலைக்குக் கேட்டு வந்தவர். நான் முந்திக்கொண்டு கல்லைப் போட்டேன். தொபுக்!

“மிஸ்! போன வாரம் வெறும் பாறை மிஸ்! மழையே பெய்யல, தண்ணி எப்படி ஏறுச்சு?”

மிஸ் முகம் வெளுத்துவிட்டது.

“ஏ கழுதை, வாய மூடு!” என்றார் பெரியப்பா.

வந்தவரோ குனிந்து, “தாயி, இன்னொருக்கா சத்தமாச் சொல்லு” என்றார். சொன்னேன். பக்கத்தில் ஈரம் காயாத லாரித் தடத்தையும் காட்டிக் கொடுத்தேன்.

“லாரித் தண்ணிய ஊத்தி, கெணத்துக்கு மேக்கப் போட்டுல்ல பொண்ணு காட்டுறீக!” என்று அவர் சிரித்தார்.

கதை ஊரெல்லாம் பரவியபின் வேறு யார் வாங்க வருவார்? அவர் கேட்ட அடிமாட்டு விலைக்கே தோட்டம் போனது. நர்ஸிங் போக வேண்டிய அக்கா நூல் வேலைக்கு வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏறினாள். பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து போட்ட கூச்சலில் வெளியே போவது நின்றது. பருவநிலை மாற்றம் ஐந்து மார்க் கேள்வியாகிப் புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கினேன், வெட்கக்கேடு!

பெரியப்பா செய்தது பித்தலாட்டம்தான். ஆனால் பொய்த்த வானத்தை அவர் வேறு எப்படிச் சமாளிப்பார்? வாங்கியவருக்கு அந்தக் கிணறு தேவையே இல்லை. அதே மண்ணில் பாதாளம் வரை போர் போட்டார். சுற்றிலும் இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாய் ‘டக்’ ஆயின. எங்கள் அடிநீரை எங்களுக்கே லாரியில் விற்கிறார். தண்ணீர்க் காசாக அக்கா சம்பளத்திலும் அவருக்கு ஒரு பங்கு போகிறது.

அன்று கிணற்றடியிலிருந்து கிளம்பிய வெள்ளைச் சட்டைக்காரர் பைக்கில் ஏறுமுன் என் கையில் ஒரு சாக்லேட்டை வைத்து, “கெட்டிக்காரப் புள்ள” என்றார். ஏமாற இருந்த மனுஷன் எதற்கு இம்புட்டுச் சந்தோஷமாகப் போகிறார்? எதையும் கேட்கச் சொல்லியிருந்தார் மிஸ். இதை மட்டும் நான் கேட்கவில்லை. அங்கேயே, கிணற்று மேட்டில் உட்கார்ந்து, சாக்லேட்டைப் பிரித்துத் தின்றேன்.