கீறச் சொன்ன மேசை

மரச்சாமான் பட்டறையில் அவரை எல்லோரும் வார்னிஷ் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்கு வருஷமாக மெருகு போடுகிற கை. நகக்கண்ணில் ஏறிய பழுப்பு எந்த சோப்புக்கும் மசியாது. வாடிக்கையாளர்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்த பெண் வேறு வேலைக்குப் போனதும் முதலாளி அந்த வேலையை இவர் தலையில் கட்டினார்.

"பாலீஷைப் பத்திக் கேட்டா உனக்குத்தான்பா பதில் தெரியும். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கல்ல?"

படித்திருந்தார்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தால் இங்கிலீஷ் புரியும். வாடிக்கையாளர்கள் அப்படி எடுத்து வைப்பதில்லை என்பதுதான் தொல்லை.

மூன்றாவது வாரம் பல் டாக்டர் அம்மா ஒருவர் போன் செய்தார். தமிழ் தெரியாதவர். சாப்பாட்டு மேசைக்கு என்ன மெருகு வேண்டும் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். மேல்பலகை கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்றவர் சட்டென்று நிறுத்தி, "நோ, ஸ்க்ராட்ச் தட்" என்றார். பளபளப்பு வேண்டாமாம், மங்கலாக இருக்கட்டுமாம்.

வார்னிஷ் குறித்துக்கொண்டார்: மங்கல், கீறல். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. புது மேசையைப் பழசு போலக் காட்டுவதற்காகக் கீறல் போட்டு வாங்கிப் போகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் மெனக்கெட்டார். சைக்கிள் சங்கிலியால் தட்டி, ஆணி முனையால் இழுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கீறல் போல இன்னொன்று இல்லாமல் பார்த்துக்கொண்டார். பட்டறை ஆட்களே நின்று ரசித்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் அம்மா வந்து மேசையைத் தடவினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே வார்னிஷ் தான் குறித்துவைத்த சீட்டை எடுத்து நீட்டினார். முதலாளி இருவரிடமும் மாறி மாறிக் கேட்டு விஷயத்தைப் பிடித்தார்.

"ஸ்க்ராட்ச் தட்னா, இப்ப சொன்னத விட்டுடுன்னு அர்த்தமாம்பா."

"விட்டுடுன்னா விட்டுடுன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குக் கீறணும்?"

டாக்டர் அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது, "டோன்ட் பீட் யுவர்செல்ஃப் அப்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதங்கள் டைப் செய்கிறவள். வீட்டுக்குப் போனதும் அவளிடம் கேட்டார்.

"மனசப் போட்டு வருத்திக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அவள்.

"அதுல அடி எங்கேர்ந்து வந்துச்சு?"

"நாம மட்டும் என்னவாம்? வயிறு எரியுதுன்னு சொன்னா யாராவது தண்ணி கொண்டுவந்து ஊத்தறாங்களா?"

"அது நமக்குத் தெரியும்ல."

"இது அவங்களுக்குத் தெரியும்."

அவள் சொன்னது நியாயமாக இருந்ததே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேசையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பகலெல்லாம் உப்புத்தாளால் கீறல்களைத் தேய்த்தார். மாலையில் மருந்துக்கடை மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். அங்கே டீச்சர் இவரைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே, "எங்க வீட்டுக் கதவுக்கெல்லாம் இனி நீங்கதான் பாலீஷ்" என்றார். வார்னிஷ் திருதிருவென்று விழிக்கவும், "ஐ ஆம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்று சிரித்தார்.

"நான் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணேன்? எதுக்கு என் காலை வாரறீங்க?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. காலை இழுப்பதென்றால் இங்கிலீஷில் சும்மா கிண்டல், கூட இருந்து கவிழ்ப்பது இல்லை என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார். இவருக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது.

இந்த மாதிரித் தொடர்கள் நூற்றிருபது அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள்; அர்த்தத்தை வகுப்பில் ஒவ்வொன்றாகச் சொல்வார்களாம். அதைச் சுவரில் ஒட்டிவைத்து, தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தார். ஒரு வாரம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த நூற்றிருபதில் ஒன்றைக்கூட எவரும் சொல்லித் தொலைக்கவில்லை. தாளில் இல்லாத ஏழெட்டைச் சொன்னார்கள்.

சரி, நாமே சொல்லிவிடலாம் என்று இறங்கினார். டாக்டர் அம்மா போன் செய்து, மேசை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டபோது மேல்பலகை முடிந்து, கால்களில் மெருகு போடுவது மட்டும்தான் பாக்கி. தாளின் கடைசியில், வகுப்பில் இன்னும் நடத்தாத இடத்தில், இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்று இருந்தது.

"மேடம், டேபிள் இஸ் ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்" என்றார் பெருமையாக.

அரை மணி நேரத்தில் டாக்டர் அம்மா மூச்சிரைக்க வந்து நின்றார். அந்தத் தொடருக்கு, இன்றோ நாளையோ உடைந்து விழப்போகிறது என்று அர்த்தமாம்.

வார்னிஷ் சுவரிலிருந்த தாளைப் பிய்த்து மரத்தூள் கூடையில் போட்டார். பிறகு தன் சொந்த இங்கிலீஷில், நேரான வார்த்தையில் பேசினால் தனக்குப் புரியும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை நீட்டி, "டேபிள்... குட்... வெரி... குட்" என்றார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று சொல்ல வாயெடுத்த வார்னிஷ் அடக்கிக்கொண்டார்.

மேசை வண்டியேறியதும் முதலாளி, "போனை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்பா" என்றார்.

"வேணாம். நானே பேசறேன்" என்றார் வார்னிஷ். அதைச் சொன்னபோதும் அவருக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை.

அன்று மாலை வகுப்பில் டீச்சரிடம் போய் நின்றார். "நீங்க பேசறது புரியுது, கடைசியா சொன்னது மட்டும் புரியல, வேற மாதிரி சொல்லுங்கன்னு கேக்கணும். மரியாதையா கேக்கணும். எப்படிச் சொல்றது?"

டீச்சர் பலகையில் எழுதினார். ஒன்றரை வரிதான் இருந்தது. வார்னிஷ் அதை மூன்று தடவை படித்தார்.

"இதுக்குள்ள வேற அர்த்தம் எதுவும் ஒளிஞ்சில்லையே?"

"இல்லைங்க. எழுதினபடியேதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

டீச்சர் திரும்பிப் பலகையை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் வார்னிஷ் அதை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.