பாதிப் படத்தில் செத்தவன் வாசலில் நிற்கிறான்

பொம்மை வேஷம் போட்டு வாசலில் நிற்கிற தொழிலில், கண் வழியாக ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் வாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

நகைக்கடை முன்னால் கரடியாகவும் பிரியாணிக் கடை முன்னால் கோழியாகவும் நின்று கையாட்டிய சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாய் ஓட்டை, அந்தப் பஞ்சு நாற்றம், முதுகில் அரிக்கும்போது சொறிய முடியாத அந்தக் கொடுமை. உங்களுக்காக இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போது தர மாட்டேன். முதலிலேயே கொடுத்துவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், எனக்கு ஜனங்களைத் தெரியும்.

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் நாமக்கல்லில் ஒரு தியேட்டரில் நான் பார்த்த வேலை இது. எனக்கு இருப்பது ஒரே திறமை. யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், வந்துவிடும். எங்கள் சர்ச் பங்குச் சாமியார் குரலில் கோயில் மைக்கில் "இந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு இல்லை" என்று நான் அறிவித்ததை நம்பி மொத்தப் பிள்ளைகளும் கிரிக்கெட் ஆடப் போன கதை எங்கள் தெருவுக்கே தெரியும். தியேட்டர் மேனேஜரிடம் அவர் குரலிலேயே வேலை கேட்டேன். என்னை முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைல இருந்து வா. இந்தக் குரல்ல மட்டும் என்கிட்டப் பேசாத."

போஸ்டரைப் பார்த்துத் தைத்த வேஷம்

படம் ஒரு கார்ட்டூன் சூப்பர் ஹீரோ படம், தமிழில் டப் செய்தது. அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் சக்தி உண்டு. தங்கை பெயர் தும்பி, பறப்பாள். அண்ணன் பெயர் பாறை, எதையும் தாங்குவான். ஆனால் ஒவ்வொரு முறை தாங்கும்போதும் அவன் உடம்பில் கொஞ்சம் கல்லாகிப் போகும். போஸ்டரில் பெரிதாக இருந்தவன் பாறை. அதனால் ஹீரோ அவன்தான் என்று மேனேஜர் முடிவு செய்து, படம் வருவதற்கு முன்னாலேயே சேலத்தில் சொல்லி வேஷம் தைத்துவிட்டார்.

முதல் நாள் முதல் ஷோ. உள்ளே அணை உடைகிறது. பாறை முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே தங்கையைப் பார்த்து, "நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வர்றேன்" என்கிறான். அவள் பறந்து போய்த் திரும்பிப் பார்க்கும்போது அவன் முழுக்கக் கல். படம் அதற்கு மேல் ஒரு மணி நேரம் ஓடுகிறது, அவன் இல்லாமல். ஆபரேட்டர் குணா அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "சார், நம்ம ஆளு செத்துட்டான்" என்றார். மேனேஜர் வேஷத்துக்குள் நின்றிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். "செத்தா என்னப்பா, தெச்சாச்சு. நிக்கட்டும்."

அழுதால் பப்ஸ் ஓடாது

இந்த மாதிரி வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது. எங்கே நிறுத்துவது என்று ஆபரேட்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குணா அண்ணன் ரசனைக்காரர். பாறை கல்லானதும் அந்த முகத்தின் மேல் சரியாக வெட்டி விளக்கைப் போட்டார். கதவு திறந்தது. ஒரு குடும்பம்கூடக் கேன்டீன் பக்கம் திரும்பவில்லை. குழந்தைகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் முந்தானையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் கறுத்த விரலால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார்.

கேன்டீன் சாந்தாமணி அக்கா ஆறிப்போன பப்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஆபரேட்டர் ரூமுக்கே ஏறிவிட்டார். மறுநாளிலிருந்து இடைவேளை இருபது நிமிஷம் முன்னால் வந்தது, அண்ணனும் தங்கையும் சிரித்துச் சாப்பிடுகிற இடத்தில். அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "தின்னுட்டு அழுகட்டும். அழுதுட்டு ஆரு திம்பா?"

மோகனூர்க்காரர் கேட்ட கேள்வி

பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மோகனூரிலிருந்து வந்திருந்தார். காவிரிக் கரையில் கரும்பு போடுகிறவர். படம் விட்டதும் என்னிடம் வந்து நின்றார். எல்லோரையும் போலத் தோளில் கை போட்டு போட்டோ எடுப்பார் என்று நினைத்து, பாறையின் குரலில் "வணக்கம் மக்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் கோபமாகவே இருந்தார். இத்தனை தண்ணி வருவது முன்னாலேயே தெரியாதா, மேலே மழை பெய்தது யாருக்கும் தகவல் இல்லையா என்று விசாரித்தார்.

கல்லான மனிதனிடம் அணை நிர்வாகம் பற்றி யாராவது கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என் பஞ்சுக் கையைப் பிடித்து, துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினார். "ஏனுங்க தம்பி, ஷட்டரத் தொறக்க அந்த ஊர்ல ஒரு ஆளு இல்லாமயா போயிட்டான்?"

நாலு பஸ் ஹாஸ்டல் பிள்ளைகள்

ஒரு பெரிய உறைவிடப் பள்ளியிலிருந்து நாலு பஸ்ஸில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அணைக் காட்சிக்கு முன்னால் விசில் காதைப் பிளந்தது. "நான் பின்னாடியே வர்றேன்" என்றதும் ஒரு சத்தம் இல்லை. கதவோரம் நின்று பார்த்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவர்களை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போன அப்பா அம்மா எல்லோரும் கேட்டில் நின்று ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வெளியே வந்து வரிசையில் நிற்கும்போதும் சிலர் விசும்பிக்கொண்டிருந்தார்கள். குஷிப்படுத்தலாம் என்று வரிசையை அதட்டிக்கொண்டிருந்த வார்டனின் குரலைப் பிடித்து, "நாளைக்கு ஸ்டடி ஹவர் ரத்து" என்றேன். ஒரு வரிசை முழுக்க வாயைப் பிளந்தது. உண்மையான வார்டன் பின்னாலேயே வந்து, என் தலையில் தட்டி, அது ஃபோம் என்று தெரிந்து கையை உதறிக்கொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்: "அழுகறதெல்லாம் இங்கயே அழுது முடிச்சுக்குங்க. பஸ்ல ஏறுனதும் கெமிஸ்ட்ரி."

செத்தவனிடம் வந்த புகார்கள்

இப்போது தொழிலின் மையமான கஷ்டத்துக்கு வருகிறேன். உள்ளே ஒருவன் செத்ததற்காக அழுதுவிட்டுக் கதவைத் திறந்தால், அவனே வாசலில் நின்று கையாட்டுகிறான். சில குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. ஒரு பையன் முழங்காலில் உதைத்து, "அங்க தும்பியக்கா அழுதுட்டு இருக்குது, நீ இங்க என்ன பண்ற" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனி என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி அப்பாவோடு வந்தாள். எல்லோரும் போகும்வரை தள்ளி நின்றாள். அப்புறம் பக்கத்தில் வந்து மெதுவாக, "செத்துப்போயிட்டு எந்த வழியா வந்த?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். பாறையின் கரகரக் குரலில் சொன்னேன்: "பின்கேட் வழியா. திரும்பி வாரவங்க எல்லாம் அந்த வழியாத்தான் வருவாங்க." அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். நல்ல ஜோக் என்று அன்றைக்கு ராத்திரி வரைக்கும் எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். படம் பார்க்க இல்லை. டிக்கெட் கிழிக்கிற மணி அண்ணன்தான் வந்து சொன்னார்: "டேய், பைக் ஸ்டாண்டுகிட்டப் பின்கேட்டுல ஒரு புள்ள நிக்குது. அவ அண்ணன் வருவானாம், நீ சொன்னயாமே."

அப்பா போட்டுக் காட்டிய குரல்

அவள் அப்பா செல்வம் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றுகிறவர். நான் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிரில் வந்து நின்றார். திட்டுவார் என்று எழுந்தேன். திட்டவில்லை. மூத்த மகன் போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போயிருந்தான். அங்கேயே விபத்தில் போய்விட்டான். கனியை அப்போது ஆத்தூரில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிவந்தார்கள். அண்ணன் வேலையில் இருக்கிறான் என்றுதான் இதுவரை சொல்லி வைத்திருக்கிறார்கள். சொல்ல அவள் அம்மாவுக்கு வாய் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

"இப்ப ஞாயித்துக்கெழம ஆனா ஊட்டுல இருக்க மாட்டேங்கறா சாமி. வெயில்ல நின்னு போன வாரம் காய்ச்சலே வந்திருச்சு" என்றார். போனை எடுத்து மகன் கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டார். தகப்பனுக்கு வேலை நிலவரம் சொல்கிற சாதாரணக் குரல். மூக்கடைப்பு, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்ன இழுப்பு. மூன்றாவது முறை அவர் போடும்போது நான் கூடவே பேசினேன். அவர் போனை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீதான ஆரம்பிச்சு வெச்ச. அவன் குரல்லயே, இங்க நிக்காத, ஊட்டுக்குப் போன்னு ஒருவாட்டி சொல்லிரு சாமி. வரமாட்டேன்னெல்லாம் சொல்ல வேண்டாம்."

கடைசியில் வைத்திருந்த சிரிப்பு

வாரம் முழுக்கப் பாத்ரூமில் நின்று ஒத்திகை பார்த்தேன். மூக்கடைப்பு சரி, இழுப்பு சரி. என் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமாக யாரையும் பிடித்ததில்லை. மனசின் ஒரு மூலையில் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

ஞாயிறு மேட்னி விட்டதும் பின்கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கனி புதுப் பாவாடை கட்டி, கையில் ஒரு பப்ஸ் பொட்டலத்தோடு நின்றாள். பாதி கடித்தது, மீதி யாருக்கோ. செல்வம் அண்ணன் பைக்குகளுக்கு நடுவில் நின்றார். நான் குனிந்து, அந்தக் குரலில் சொன்னேன்: "கனி, நான்தான். வேல நெம்ப தூரத்துல. நீ இங்க நிக்காத. அப்பாகூட ஊட்டுக்குப் போ."

அவள் முகம் மலர்ந்தது. அந்த வாய் ஓட்டை வழியாக நான் பார்த்தேன், அப்படி மலர்ந்தது. உடனே உதடு பிதுங்கி, அழ ஆரம்பித்தாள். சின்ன அழுகை இல்லை. பைக் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அழுகை. அதே மூக்கடைப்போடு, அதே இழுப்போடு சொன்னேன்: "அழுகாத சாமி. அழுகாத."

அழுகை சட்டென்று நின்றது. அவள் ஒரு அடி பின்னால் போய், என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பப்ஸ் பொட்டலத்தைச் சுருட்டி அப்பா கையில் கொடுத்தாள்.

"இது அண்ணன் இல்லப்பா."

"ஏன் சாமி, அவன் குரல் மாதிரிதான இருக்குது?"

"நான் அழுதா அண்ணன் என்ர மாதிரியே அழுது காட்டிச் சிரிப்பான். இது சிரிக்கல. ஊட்டுக்குப் போலாம், இனி இங்க வர வேண்டாம்."

கேட்ட குரல் எல்லாம் பேசத் தெரிந்த எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவள் அண்ணனுடைய ஒரே ஒரு சிரிப்பு, அது அப்போதும் வரவில்லை, முதலில் உங்களுக்குச் சொல்லி வைத்ததும் அதே சிரிப்புதான்.