டிரான்ஸ்போஸ் பட்டன் இல்லாத பியானோ

சர்ச்சில் கீபோர்டு நன்றாக வாசித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு விரல் தவறினால் மைக்செட்காரர் முதல் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் பேக்கிங் சூப்பர்வைசர், ஏழாம் நாள் கீபோர்டு. ஏழாம் நாள்தான் வியர்க்கும்.

லேப்டாப் வந்தது

எங்கள் பாடகர் குழுவின் முதல் குரல் ஸ்டெல்லா அக்கா. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. சில நாள் பாதி வரியிலேயே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து எங்கள் செயலாளர் தேவராஜ் அண்ணாச்சி, இனிமேல் லேப்டாப்பில் டிராக் ஓடவிட்டுப் பாடலாம் என்று ஆரம்பித்தார். இசை முழுவதும் பதிவாகவே வந்துவிடும், கூடச் சேர்ந்து பாடினால் போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் பாட்டு ஆராதனையில் அக்கா தனியாகப் பாட வேண்டும். அங்கே என் வாசிப்பு சரியாக அமைந்தால் கீபோர்டு தொடரும், சொதப்பினால் டிராக் என்று கமிட்டியில் முடிவானது. கீபோர்டு ஸ்டூல் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையாவது தூக்கம் மிஞ்சும் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா சொன்னது அந்த வீறாப்பைக் கலைத்துவிட்டது: "டிராக் எனக்காக நிக்காதுல்ல ஜெசி. அது வந்துட்டா நான் பாடுததை விட்டுருவேன்."

பேக்கிங் மேசை

ஒரு கார்டின், அதாவது சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டின், சுரங்களை இரண்டு கைகளுக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதற்குப் பெயர் வாய்ஸிங். நான் இத்தனை வருஷமும் இடது கையில் ஒரு விரல், வலது கையில் மூன்று விரல் என்று இட்லித் தட்டு மாதிரி ஒரே அச்சில் அமுக்கிக்கொண்டிருந்தேன். யூடியூபில் காஸ்பல் வாசிக்கிறவர்களோ, அதே கார்டில் ஏழாவது, ஒன்பதாவது சுரத்தையும் கலந்து கையை விரித்து வைக்கிறார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கும் அது வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பேண்டேஜுக்கான காஸ் துணி மேல் விரல்களை விரித்து விரித்துப் பழகினேன். உதடும் தானாக அசைந்திருக்கிறது. எதிரே பேண்டேஜ் சுருட்டும் முத்துமாரி செத்த நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, மந்திரம் போடுதியா? துணி ஒண்ணும் தானா மடங்கக் காணமே!"

எட்டு விரல்

வாய்ஸிங் வாய்ஸிங் என்று கமிட்டி வரைக்கும் பெருமையடித்துவிட்டு, கற்றுக்கொண்ட அத்தனையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொட்டினேன். ஒவ்வொரு கார்டுக்கும் எட்டு விரல். எனக்குப் புல்லரித்தது. சபைக்கு எந்தச் சுரத்தில் எடுப்பதென்றே தெரியவில்லை. பெண்கள் பக்கம் ஒரு சுருதி, ஆண்கள் பக்கம் ஒரு சுருதி, போதகர் தனியாக ஒன்று. அண்ணாச்சி கைக்குட்டையால் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் முன் வரிசை டெய்லர் ஞானராஜ் அண்ணன் வந்தார். அவர் யாரையும் திட்டமாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். "தங்கச்சி, வாசிப்பு எம்புட்டு நல்லாருக்கு! உள்ள பாட்டு எங்க இருக்குன்னுதான் கடைசி வரைக்கும் தேடுனேன்."

அன்றிலிருந்து எந்தச் சுரத்தை விடலாம் என்று படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில்

இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஓடுவது சி ஸ்கேல் ஒன்றுதான். யார் எந்தச் சுருதியில் பாடினாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குவேன். கை சி-யிலேயே ஓடும், சத்தம் மட்டும் மாறி வரும். நீங்களும் அப்படித்தானே, மறைக்காதீர்கள்.

"இங்கேயே இருக்கு, கீபோர்டைத் தூக்கிட்டு வர வேண்டாம்" என்று அந்தச் சபையில் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மரப் பியானோ. பட்டனுக்கு எங்கே போவது? அக்காவுக்கு இப்போது டி ஸ்கேல்தான் ஒத்துவருகிறது. "சி-யில பாடிருதீங்களாக்கா?" என்று கெஞ்சினேன். "டி-க்குக் கீழ எனக்குச் சத்தமே இல்லட்டி" என்றார். இரண்டாம் வரிசையில் அண்ணாச்சி, மடியில் லேப்டாப்.

டி-யில் எட்டு விரலுக்கு வழியில்லை. இடது கையில் ஒன்று, வலது கையில் இரண்டு. தேடித் தேடி அவ்வளவுதான் வைத்தேன். முதல் சரணம் தப்பித்தது. இரண்டாம் சரணத்தில், வரியின் நடுவில் அக்காவின் குரல் நின்றுவிட்டது. அடுத்த கார்டு எனக்கும் மறந்துவிட்டது. கையைத் தூக்கிவிட்டேன். அத்தனை பேர் இருந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அண்ணாச்சி லேப்டாப்பைத் திறந்தார். எல்லாம் முடிந்தது, அக்காவையும் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்து மூச்சு எடுத்தார். அதே வரியைத் துணையில்லாமல், தாழ்வாக, மறுபடி ஆரம்பித்தார். பின்னாலேயே என் விரலும் வழி கண்டுபிடித்தது. முடியும்போது எனக்குக் கண் மறைத்தது. கட்டை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை.

வெளியே வேன் பக்கத்தில் அண்ணாச்சி வந்தார். லேப்டாப் பைக்குள் போயிருந்தது. "அடுத்த ஞாயிறும் ஸ்டெல்லாவே பாடட்டும், நீ வாசி. நடுவுல செத்த நேரம் நிறுத்துனியே, அது என்ன வாய்ஸிங்மா? அம்புட்டு நல்லாருந்துச்சு."

நாலு மாதம் விரல் நோகக் கற்றுக்கொண்டதில், அண்ணாச்சி பெயர் கேட்டுப் பாராட்டிய ஒரே வாய்ஸிங் நான் கையைத் தூக்கிவிட்டு விழித்துக்கொண்டிருந்த இடம்தான்.