இடி இடித்தால் செத்துப்போகும் போன்

முதலில் அந்தக் கேபிள்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு ஆறாது. இணையமும் வீட்டு போனும் ஒரே வயரில் வந்துவிடும், பழைய போனுக்குக் கட்டியதில் பாதிகூட ஆகாது என்று ரத வீதியில் இருக்கும் என் துணிக்கடைக்கு வந்து சொன்னவர் அவர்தான். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"நூத்தியெட்டு போட்டா போவுமா?"

"ஜம்முனு போவும்க்கா. ஆம்புலன்ஸ், போலீஸ், எது வேணும்னாலும் போடலாம்."

அம்மாவுக்காகத்தான் கேட்டேன். அவளுக்கு இளைப்பு உண்டு. அப்பாவும் அவளும் ராஜபாளையம் சாலைப் பக்கம் புது மனைகளுக்கு நடுவே தனியாக இருக்கிறார்கள். வீட்டுக்குள் செல்போனுக்கு டவர் கிடைக்காது. கிடைத்தாலும் அப்பாவின் தடித்த விரல் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். அவருக்குப் பட்டன் வைத்த போன்தான் சரி.

கேபிள்காரர் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். பெட்டியிலிருந்து போனுக்கு ஒரு வயர், பெட்டிக்குக் கரண்டு வர ஒரு பிளக். அவர் முன்னாலேயே 108 போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் பேசினாள். புது போன், சரிபார்க்கப் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன். அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

ஒன்றை மட்டும் அந்த மனுஷன் வாய் திறந்து சொல்லவில்லை. கரண்டு இல்லாவிட்டால் இந்த போன் வெறும் பிளாஸ்டிக். பழைய போனுக்குத் தெருக்கம்பியிலேயே உயிர் இருந்தது. ஊரே இருண்டு கிடந்தாலும் காதில் வைத்தால் ரீங்காரம் கேட்கும். போன் என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது அதுதான்.

எங்கள் ஊரில் முதல் இடி கேட்டதும் வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, பிரிட்ஜ், எதுவும் மிஞ்சாது. இடியில் டிவி புகைந்துபோன வீடு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். இந்த வேலையில் அப்பா எல்லோருக்கும் முந்தி. பிடுங்கிய வயரைச் சுருட்டி அந்தந்தப் பெட்டி மேலேயே வைத்துவிடுவார். அம்மாவுக்கு இளைப்பு எப்போது வரும்? வானம் மூடி ஈரக்காற்று அடித்தால் வரும். எந்த மழைக்கு அவளுக்கு மூச்சு முட்டுமோ, அதே மழைக்குத்தான் போனும் சாகும். ஐப்பசியில் அப்படியே நடந்தது.

அப்பா 108 போட்டிருக்கிறார். சத்தமே இல்லை. வைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்க, அவர் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் கொட்டுகிற மழையில் சாலைக்கு ஓடி, காய்கறி ஏற்றிப் போன லோடு ஆட்டோவை மறித்து, மூட்டைகளுக்கு நடுவே அவளை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆட்டோக்காரர்தான் தன் செல்லில் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் உதடு நீலமாக இருந்தது.

"நூத்தியெட்டுல ஆளே இல்லட்டி," என்றார் அப்பா. "போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒருத்தனும் எடுக்கல."

மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்குப் போனேன். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. வயர் அதன் மேல் அழகாகச் சுருட்டி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அம்மா தேறி வீடு திரும்பிய அன்றே கேபிள்காரரின் ஆபீசுக்குப் போனேன்.

"இடி இடிச்சா இங்கன எல்லாரும் பிளக்கைப் புடுங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னக்கா? எங்க அம்மையும் புடுங்கத்தான் செய்வா. அதுக்குன்னு பேட்டரி தனியா இருக்கு. நீங்க கேக்கலியே."

கேட்கவில்லையாம்! அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள் எதைக் கேட்பாள்? இந்த ஊர்க்காரர், பெற்ற தாய் பிளக்கைப் பிடுங்குவதைப் பார்த்தவர். பேட்டரி என்றால் விலை கூடும், நான் வேண்டாம் என்றுவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகத் திட்டினேன். சாயங்காலமே பேட்டரி மாட்டுவதாகச் சொன்னார். அப்பா காதில் இதையெல்லாம் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். 108-ல் ஆளில்லை என்றே அவர் நம்பிக்கொண்டு போகட்டும், அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வந்தார், மாட்டினார். கிளம்பும்போது அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். "இனிமே பயமில்ல அண்ணாச்சி. அன்னைக்கும் நீங்க பிளக்கைப் புடுங்காம இருந்திருந்தா போன் போயிருக்கும்."

அவரை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் அதற்குள் அப்பா கட்டிலில் படுத்திருந்த அம்மாவிடம் திரும்பினார்.

"அப்ப நாந்தான் உன்னைக் கொல்லப் பாத்தேனா?"

பேச அம்மாவுக்கு இன்னும் மூச்சு போதவில்லை. இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். அப்பா அதைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை மூடியிருந்தார்.