போடியார் வீட்டுக்குள்ள கடல்

மீன்தொட்டி செஞ்சு விக்கிறது நல்ல தொழில்தான், ஆனா மூண்டு நேரமும் மீன் தின்னுற கல்முனையில குந்திக்கிட்டு, "இது ஆக்கிறதுக்கில்ல, பாக்கிறதுக்கு" எண்டு சொல்லிச் சொல்லியே என்ட தொண்ட வத்திப் போச்சு. நீங்களும் வீட்டில தொட்டி வச்சு, விடியக் காலத்தால மல்லாந்து கிடக்கிற மீனப் பாத்து நெஞ்சில கை வச்ச ஆக்களாத்தான் இரிப்பீங்க. உங்களுக்குச் சொல்லாம நான் ஆருக்குச் சொல்ற?

முதல் வாளி

டீவி வந்த புதுசு. நாவிதன்வெளிப் பக்கம் ஏக்கர் கணக்கில வயல் வச்சிருந்த ஒரு போடியார், நான் செஞ்சு குடுத்த தொட்டியில பொன்மீன் வளத்தார். அவர்ர மகளுக்குக் கொழும்பில வேல பாக்கிற மாப்பிள பேசி முடிஞ்சுது. வீட்டுக்கு வந்த மாப்பிள பொன்மீனப் பாத்திட்டு, "இப்ப கொழும்பில கடல்தொட்டிதான் மாமா, கல்லும் மீனுமா கடல் மாதிரியே இரிக்கும்" எண்டு ஒரு சொல்லச் சொல்லிட்டுப் போயிட்டார். போடியாருக்கு நித்திர போச்சு. எனக்கு ஆள் வந்துது. கலியாணத்தண்டு மாப்பிள வீட்டார் வாசல் மிதிக்கக்குள்ள கடல் உசிரோட நிக்கோணும், இல்லாட்டி மானம் போயிரும் எண்டார். நானும் "செஞ்சு தாறன்" எண்டு வாய விட்டிட்டன்.

அடுத்த நாள் சாமானோட போறன், பொன்மீன் முழுக்க வயித்தக் காட்டிக்கிட்டு மிதக்குது. நான் வர முதலே ஆள விட்டு வாளி வாளியாக் கடல்தண்ணி அள்ளி, அப்பிடியே மீனுக்கு மேல ஊத்திரிக்கார் மனிசன்! போடியார்ட கதை நெல்லு மெசின் ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி. முதல்ல ரெண்டு இருமல், மறுகாத்தான் சத்தம்: "க்ஹும், க்ஹும்... கடலுக்குள்ள எவ்வளவு மீன் சும்மா சுகமா இரிக்கி, உன்ட மீனுக்கு மட்டும் என்னடா கொழுப்பு?"

வெள்ளையடிப்பு

பழைய தண்ணிய இறச்சு, இரும்புச் சட்டம் துருப் புடிக்கும் எண்டு சட்டமில்லாம வெறுங்கண்ணாடியில தொட்டியயும் புதுசா ஒட்டினன். கடல்தொட்டிக்கு உசிரு குடுக்கிறது முருகைக்கல்லு, அதான் கடலடிப் பவளக்கல்லு. அந்தக் கல்லில பாசி, புழு, பூச்சி எல்லாம் உசிரோட இரிக்கோணும். அதுகள்தான் தண்ணியச் சுத்தமா வச்சிருக்கும். சாய்ந்தமருதில கடலுக்குப் போற என்ட மச்சான் கபூர் சுழியோடி எடுத்துத் தந்தான். ஊதாப் பாசி படிஞ்ச கல்லு, பாத்தா ஆச வரும். போடியார் வீட்டு முத்தத்தில ஒரு பீப்பாய்க்குள்ள கடல்தண்ணி ஊத்தி, கல்லப் போட்டு வச்சிட்டு பகல் ழுஹர் தொழப் போனன்.

வந்து பாத்தா பீப்பாய் வெறுமை. யா றப்பே, கல்லெல்லாம் மதிலுக்கு மேல வரிசையாக் காயுது! பால் மாதிரி வெள்ள! கலியாணத்துக்குச் சுவருக்கு வெள்ளையடிச்ச பொடியனுகள், போடியார்ட பொஞ்சாதி சொல்லி, கல்லையும் தேச்சுக் கழுவிச் சுண்ணாம்பு பூசிட்டானுகள். "மாமி, அதுக்குள்ள உசிரு இருந்திச்சே!" எண்டு கத்தினன். மாமி முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு ஆறுதலாச் சொன்னா: "ஓம் மனே, ஊத்தையும் இருந்திச்சி."

ஐஸ் பெட்டி

கபூர் என்ன ஏசி ஏசித் திரும்பவும் சுழியோடினான். கல்ல வச்சு, மண்ணப் போட்டு, தண்ணி பழகிறதுக்குக் கிழமைக் கணக்கில வெறுந்தொட்டியப் பாத்துக்கிட்டு இருந்தம். போடியார் தினமும் வந்து குனிஞ்சு பாத்திட்டு, இருமிட்டுப் போவார். மறுகா கபூரிட்டச் சொன்னன்: கல்லுக்குள்ள திரியிற சின்ன மீன், நிறமான மீன், காயம் படாமக் கொண்டா.

கொண்டந்தான். பெட்டியத் திறக்கிறன். மஞ்சளும் நீலமுமா அம்புட்டு வடிவான மீனுகள், ஐசுக்கு மேல வரிசையாப் படுத்திரிக்கி. "உசிரோடயல்லோ கேட்டன்!" எண்டு பெட்டிய மூடினன். அவன் என்ன ஒரு விசரனப் பாக்கிற மாதிரிப் பாத்தான்: "சும்மா அலட்டாத மச்சான், வால் இன்னும் விறைக்கல்ல, ஆணத்துச் சட்டியில போட்டாத் துள்ளும்."

பால் பாக்கிற குழல்

அடுத்த தரம் உசிரோடயே கொண்டந்தான். மீனுகள் தொட்டிக்குள்ள ஓடித் திரிஞ்சுது. போடியார் சிரிச்சத நான் கண்டது அண்டைக்குத்தான். கடல்தண்ணிட உப்பு கூடிக் குறையாம இரிக்கோணும். அத அளக்க என்னட்ட ஒண்டுமில்ல. பால் சேக்கிற இடத்தில, பாலில தண்ணி கலந்திரிக்கா எண்டு பாக்கிற கண்ணாடிக் குழல் ஒண்டு இரிக்கி. அத இரவல் வாங்கிக் கடல்தண்ணியில விட்டன். கிட்டத்தட்ட நல்ல பாலுக்கு நிக்கிற இடத்திலயே நிண்டிச்சு. அந்த இடத்தில ஒரு நூலக் கட்டி வச்சன்.

கலியாணத்துக்கு முதல் நாள் மழைக்குள்ள போய்ப் புதுத் தண்ணி அள்ளி மாத்தினன். கொஞ்ச நேரத்தில மீனுகள் சரிஞ்சு சரிஞ்சு நீந்துது. குழல விட்டா, நூலயும் தாண்டி உள்ளுக்க போகுது! கடல்ல உப்பில்ல! வெறி புடிச்ச மாதிரிக் கடற்கரைக்கு ஓடினன். அங்க போனாத்தான் விளங்குது. வெள்ளம் வயல மூடுது எண்டு முகத்துவாரத்து மண்திட்ட வெட்டி விட்டிரிக்காங்க. சேத்துத் தண்ணி முழுக்கக் கடலுக்குள்ள பாயுது. வெட்டச் சொல்லி முன்னுக்கு நிண்டது ஆரு? எங்கட போடியார்! வயலக் காப்பாத்தினார், தொட்டியக் கவுத்தார். கையில குழலோட நான் நிக்கிறதப் பால்காரன் சீனித்தம்பி கண்டிட்டான். அந்தக் குழலால எத்தின தரம் ஏச்சு வாங்கினவன். கதையக் கேட்டதும் அவன்ட முகம் பெருநாளாப் போச்சு: "பாத்தியா காக்கா, கடலே தண்ணி கலந்துதான் வருது, என்ன மட்டும் புடிக்கிறாங்க!"

கிடாரம்

மழைக்குள்ள தோணி ஒண்டும் போகாது. நல்ல தண்ணிக்கு வழியில்ல. போடியார் தொட்டிக்கு முன்னால கதிரயப் போட்டுக் குந்திட்டார். இருமல் கூட வரல்ல. அந்த மனிசன அப்பிடிப் பாக்க ஏலாமத்தான் எனக்கு அந்த யோசன வந்துது. முத்தத்தில கலியாணச் சோத்துக்குக் கிடாரங்கள் அடுப்பில ஏத்தி வச்சிரிக்கி. கடல்தண்ணிய அதில ஊத்திக் காச்சினா, தண்ணி வத்தும், உப்பு நிக்கும். காச்சினன். ஒரு கோப்பையில ஆறவிட்டுக் குழலப் போட்டுப் பாத்தா, ஏறி ஏறி நூலுக்கு வந்து நிண்டிச்சு! ஆறின தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டிக்குள்ள விட, மீனுகள் நிமுந்துது. தேவப்பட்டா இரிக்கட்டும் எண்டு இன்னொரு கிடாரத்தக் காச்சி, மூடி போட்டு அடுப்பிலயே விட்டிட்டு வந்தன்.

அடுத்த நாள் மாப்பிள வீட்டார் வாசலுக்கு வந்து அப்பிடியே நிண்டிட்டாங்க. மீனுகள் கல்லுக்குள்ள பூந்து பூந்து வருது. மாப்பிளட வாப்பா "மாஷா அல்லாஹ்" எண்டார். போடியார் என்ட தோளில கை போட்டு, அவங்களோட ஒரே சஹனுக்கு என்னயும் இருத்தினார். தொட்டிக்கு முன்னால, ஒரு பெரிய தட்டத்தச் சுத்தி ஆறு பேர். பிஸ்மி சொல்லி ஆறு கையும் ஒண்டாச் சோத்துக்குள்ள போய், ஒண்டா வாய்க்குப் போய், ஒண்டா நிண்டிச்சு. தொட்டிக்குள்ள மீன் வாயத் திறந்து திறந்து மூடுது. வெளிய நாங்க ஆறு பேரும் அதே மாதிரி.

சோறு உப்புக் கரிக்குது. சமையல்கார ஆதம்பாவா காக்கா ஓடி வந்தார். "சுடுதண்ணி அடுப்பிலயே இருந்திச்சி, ஆரோ புண்ணியவான் காச்சி வச்சிரிக்கான் எண்டு அரிசியப் போட்டன். என்ட பங்குக்கு உப்பும் போட்டன்" எண்டு குழறுறார். போடியார் என்னப் பாத்தார். நான் மீனப் பாத்தன். மாப்பிளதான் தண்ணிக் கோப்பைய எடுத்து, முழுசாக் குடிச்சு முடிச்சு, மெதுவா வாயத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார்: "மாமா, நான் கடல் எண்டு சொன்னது தொட்டிக்குள்ள மட்டும்தான்."

கடல வீட்டுக்குள்ள கொண்டு வாறது லேசு, அது எந்தப் பாத்திரத்துக்குள்ள நிக்குது எண்டு வீட்டில உள்ள எல்லாருக்கும் சொல்லி வைக்கிறதுதான் தொழில்.