நட்சத்திரப் பழமும் நான் சொல்லாத பதிலும்

முதலில் வந்தது விக்கல்தான். தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. என் மனைவி வடிவு, சமையலறையில் சுண்டைக்காய் நசுக்கிக்கொண்டே விக்கினாள்.

“செல்வி நினைக்கா போலுக்கு,” என்று சிரித்தாள். செல்வி எங்கள் மகள், திருநெல்வேலியில் இருக்கிறாள்.

தண்ணீர் குடித்தாள், மூச்சை அடக்கினாள், சீனி தின்றாள். மதியம் வரை விக்கல் நிற்கவில்லை.

நான் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காய், பழம் அல்லது விதையின் நன்மைகளை எழுதுவேன். பூசணி விதை, மங்குஸ்தான், ஆளி விதை. எல்லோரும் பாராட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

வடிவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிக்கொண்டே வந்தது. மருத்துவர் தந்த உணவுப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. விலக்க வேண்டியவற்றில் வாழைப்பழம், மாம்பழம், இளநீர் எல்லாம் இருந்தன. நட்சத்திரப் பழம் இல்லை. இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ‘புதிதாக எதைச் சாப்பிடுமுன்பும் எங்களைக் கேட்கவும்’ என்ற கடைசி வரி எனக்கானதல்ல என்று நினைத்தேன்.

செல்வி முன்பே எச்சரித்திருந்தாள். “அப்பா, ஒங்க ஆராய்ச்சியெல்லாம் குரூப்போட வச்சுக்கிடுங்க. அம்மாகிட்ட வேண்டாம்.”

விக்கலுக்கு முந்தின நாள் குற்றாலத்தில் சீசன் பழக்கடையில், குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாகத் தெரியும் அந்தப் பழம் ஒரு கிலோ வாங்கினேன். மறுநாள் விடிந்ததும், வெறும் வயிற்றில் குடிக்கட்டும் என்று ஒரு பெரிய டம்ளர் சாறு பிழிந்தேன்.

“பழமே பாத்துத்தான் திங்கணும்னு டாக்டரு சொன்னாருல்லா?” என்றாள் வடிவு.

“இது பட்டியல்ல இல்ல. நாஞ் சொல்லுதேன், குடி.”

“வாத்தியார் வேலைய எங்கிட்டயும் காட்டுதியளாக்கும். சரி, குடுங்க. ஆகாததையா குடுக்கப் போறிய?”

குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். “பழம்னு ஒண்ண ருசிச்சு எவ்ளோ நாளாச்சு!” அந்த டம்ளரைப் படமெடுத்து, அன்றைய செய்தியோடு குழுவுக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் விக்கல்.

பிற்பகலில் அவளை வாடகைக் காரில் திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஆலங்குளம் தாண்டும்போது கைபேசியில் தேடினேன். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் அந்தப் பழத்தின் நச்சு தங்கிவிடும், மூளையைத் தாக்கும், விக்கலே முதல் அடையாளம் என்று இருந்தது. படித்தேன். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டேன். வடிவு என் தோளில் சாய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் இளைஞர். “வழக்கமில்லாம எதுவும் சாப்பிட்டாங்களா ஸார்? நாட்டு மருந்து, பழம், ஜூஸ்?”

செல்வி என் பக்கத்தில் நின்றாள்.

“இல்லை,” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லை.”

மறுநாள் காலை வடிவுக்கு நினைவு குழம்பியது. “மழ விட்டுட்டா? துணியக் காயப்போடணும்,” என்று விக்கலுக்கு நடுவே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு வலிப்பு வந்தது. அப்போதுதான் சொன்னேன்.

மருத்துவர் கோபப்படவில்லை. “நேத்தே சொல்லியிருந்தா நேத்தே டயாலிசிஸ் போட்டிருப்போமே ஸார்.” டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தல்) உடனே தொடங்கியது. விக்கல் நின்றது. பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

முந்தின நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாது ஸார்,” என்றார் மருத்துவர். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?” என்று செல்வி ஒரே ஒரு முறை கேட்டாள்.

“ஆலங்குளத்துல.”

அவள் இப்போதும் தினமும் தொலைபேசியில் அழைக்கிறாள். மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்கிறாள்.

சிறுநீரக நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு, அளவோடு தின்றால், நட்சத்திரப் பழம் நல்ல பழம்தான். என் செய்தியில் இருந்த நன்மைகள் பொய்யல்ல. யாருக்கு ஆகாது என்பதை நான் எழுதவில்லை, அவ்வளவுதான். தவறாக எதையாவது கொடுத்துவிட்டால், மருத்துவர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். யார் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள்.

போன மாதம் கடையத்து உறவினர் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். பலமுறை கைமாறி வந்தது. என் வாக்கியங்கள், அந்த டம்ளர். “நல்ல தகவல் அண்ணாச்சி, படிச்சுப் பாருங்க,” என்று கீழே எழுதியிருந்தார். உண்மையைப் பதிலாக எழுதினேன். இன்னும் எத்தனை வீட்டில் அது கிடக்கிறதோ.

சில காலைகளில் எனக்கும் விக்கல் வருகிறது. நான் தண்ணீர் குடிப்பதில்லை. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போடும். அடுத்தது வரும்வரை நான் மருத்துவமனையின் அந்த அறையில் நிற்பேன். மருத்துவர் கேட்கிறார். செல்வி பக்கத்தில் இருக்கிறாள். சொல்ல வாயைத் திறக்கிறேன். அதற்குள் அடுத்த விக்கல் வந்துவிடுகிறது.